"அங்க எங்க ஆளுங்க யாராச்சும் இருப்பாங்களா சார்?"

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் திருவாலங்காடு ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு தேடி வந்தாள். பிளஸ் டூ முடித்தவள். வெளிமாநிலத்து மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. பக்கத்து ஊர்க் கல்லூரியிலும் கிடைத்திருக்கிறது. ஃபீஸ், ரேங்க் எதையும் அவள் கேட்கவில்லை. "அங்க எங்க ஆளுங்க யாராச்சும் இருப்பாங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "காலேஜ்ல சாதியெல்லாம் யாரு பார்க்கறாங்க? ரேங்க் பாருங்க, பிளேஸ்மென்ட் பாருங்க" என்றார் ஒருவர். "பொம்பளப் புள்ள, எதுக்கு அவ்ளோ தூரம்? அவங்க ஆளுங்க இருக்கற பக்கமா சேத்துடுங்க" என்றார் இன்னொருவர். இருவரும் நல்லவர்கள். இருவர் சொல்வதும் தவறு.

முதலாமவருக்கு: யாரும் சாதி பார்ப்பதில்லை என்றால் தில்லி எய்ம்ஸில் 2006-இல் தோரட் குழு எதற்குப் போடப்பட்டது? தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியில் தனி மாடிகளுக்குத் தள்ளப்பட்டிருந்ததை அந்தக் குழு எழுதி வைத்தது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 2008-இல் நம் சேலத்துச் செந்தில்குமாரை இழந்தோம். அதே இடத்தில் 2016-இல் ரோஹித் வெமுலா. மும்பையில் 2019-இல் மருத்துவ மேற்படிப்பு படித்த பழங்குடிப் பெண் பாயல் தட்வி. எய்ம்ஸும் ஹைதராபாத்தும் ரேங்க்கில் மேலே இருப்பவைதான். விடுதி அறையில் என்ன நடக்கிறது என்பதை ரேங்க் சொல்லாது.

இரண்டாமவருக்கு: "அவங்க ஆளுங்க இருக்கற பக்கம்" எது ஐயா? தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டில் பழங்குடியினருக்கு 1. மத்திய நிறுவனங்களில் 7.5. கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன், 60 பேர் வகுப்பில் இங்கே முழுசாக ஒரு ஆள் கூடத் தேறாது. அங்கே முறையாக நிரப்பினால் நான்கைந்து பேர். வேறு மாநிலம், வேறு மொழிதான். ஆனாலும் அவள் தனி ஆள் இல்லை. பக்கத்து ஊர் என்பதாலேயே பாதுகாப்பு என்று யார் சொன்னது?

நானும் யோக்கியன் இல்லை. பல வருடங்களுக்கு முன் காலனிப் பையன் ஒருவன் பெரிய கல்லூரியில் சேர்ந்தான். "கோட்டான்னு கூப்பிடறாங்க சார்" என்று போன் செய்தான். "காதுல வாங்காத, படி" என்றேன். இரண்டாம் வருடம் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். இப்போது கரும்பு டிராக்டர் ஓட்டுகிறான். என்னைக் கண்டால் இன்றும் வண்டியை நிறுத்தி வணக்கம் வைக்கிறான். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு நான் கேள்வி கேட்டிருக்க வேண்டியது அந்தக் கல்லூரியை. அவனுக்கு அறிவுரை சொன்னது என் கோழைத்தனம்.

எனவே ரேங்க்கோடு இதையும் கேளுங்கள். பழங்குடி, பட்டியல் சாதிப் பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்? ஆசிரியர்களில் எத்தனை பேர்? உதவித்தொகை தாமதமானால் மெஸ்ஸில் சோறு நிற்குமா? சமவாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் வேண்டும் என்று யூஜிசி 2012-லேயே விதி போட்டதே, அந்த அலுவலர் யார், கூப்பிட்டால் போன் எடுப்பாரா? மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆனால் இந்தப் பெண்ணின் சேர்க்கைத் தேதி 30 நாள் காத்திருக்காது. என் மாணவர்களே, வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களில் நீங்கள் படித்திருக்கிறீர்கள். சிலர் அங்கேயே வேலையும் பார்க்கிறீர்கள். உள்ளதை உள்ளபடி எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். நல்லதை மட்டும் எழுத வேண்டாம். அவள் போனால், ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் செய்து "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்க ஒரு அக்கா அவளுக்கு வேண்டும்.

அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "இருக்காங்களான்னு நான் விசாரிக்கிறேம்மா. இல்லன்னாலும், உனக்கு அப்புறம் வர்றவளுக்கு நீ இருப்ப."

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்