கோடை ஆராய்ச்சியும் தலையெழுத்தும்

கல்லூரியில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் இரண்டு மாத காலம் ஆராய்ச்சிச் சாலைக்கு வரவழைத்து, தேர்ந்த விஞ்ஞானிகளின் பக்கத்தில் இருத்தி வேலை கற்பிக்கும் ஏற்பாடு நமது நாட்டில் பல வருஷங்களாக நடந்து வருகின்றது. பெங்களூர், டில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களிலுள்ள மூன்று விஞ்ஞான அகாடமிகள் ஒன்று சேர்ந்து இதை நடத்துகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு மாத உதவித் தொகையும் உண்டு. விண்ணப்பத்துக்கு வேண்டியவை மூன்றே. ஒன்று பரீட்சை மார்க்கு. இரண்டு, இன்ன ஆராய்ச்சியில் இன்ன காரணத்தால் ஆசை என்று பிள்ளை எழுதும் சிறு குறிப்பு. மூன்று, ஆசிரியரின் சிபார்சுக் கடிதம். கோடைக்கான இந்த விண்ணப்பத்தை அதற்கு முந்திய மழைக்காலத்திலேயே போட்டுவிட வேண்டும்.

நிற்க. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் இப்படி ஒன்று இருப்பதை அறிந்தவர்கள் எத்தனை பேர்? நமக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி. தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். ரசாயனத்தில் நல்ல மார்க்கு. சிபார்சுக் கடிதம் கேட்கப் போனபோது அவளுடைய ஆசிரியர், “அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கம்மா” என்று சொல்லிவிட்டாராம். தாயாரோ, வெள்ளிக்கிழமைதோறும் எலுமிச்சம்பழ விளக்குப் போட்டால் நல்லது நடக்கும் என்று மகளைக் கோவிலுக்கு அழைத்துப் போனாராம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கடைசித் தேதியும் போய்விட்டது. “நம் தலையில் எழுதவில்லை” என்பதோடு அந்த வீட்டில் பேச்சு முடிந்தது. தலையில் எழுதாததா குற்றம்? காகிதத்தில் எழுதாததல்லவா குற்றம் என்று கேட்கிறோம்.

“திறமை இருந்தால் தானே வெளிவரும்” என்று சில பெரிய மனிதர்கள் சொல்லுவார்கள். இதற்கு அவர்கள் காட்டும் சாட்சி கணித மேதை ராமானுஜன். சரி, அந்தச் சாட்சியையே விசாரிப்போம். அவர் எப்.ஏ. பரீட்சையில் தவறியவர். 1912-ம் வருஷம் நமது சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1913-ல் சென்னைச் சர்வகலாசாலை, பட்டமில்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. இது எப்படி நடந்தது? நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்னாள் என்று கதை சொல்லுகிறவர்கள், சர்வகலாசாலைக்குச் சொன்னவர் யார் என்பதை மட்டும் சொல்லுவதில்லை. வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது அவருடைய நோட்டைப் பார்த்துச் சிபார்சுக் கடிதம் எழுதினார். அந்த நோட்டை மேலே கொண்டுபோய்க் காட்ட, காரியாலயத்திலேயே கணக்குத் தெரிந்த நாராயண ஐயர் இருந்தார். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரையும் ஆதரித்தார். ராமானுஜன் அதற்கு முன் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதங்கள் பயன்படவில்லை. ஹார்டிக்கு எழுதியதுதான் பலித்தது.

ராமானுஜனுடைய அறிவை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அந்த அறிவுக்கே நாலு கடிதமும் ஒரு அறிமுகமும் தேவைப்பட்டன என்றுதான் சொல்லுகிறோம். அவர் பிறந்த ஜாதியார் அக்காலத்திலேயே கலெக்டர் வீட்டிலும் கல்லூரியிலும் இருந்ததால் அந்த அறிமுகம் கிடைத்தது. அதே துறைமுகத்தில் அன்று மூட்டை சுமந்தவன் மகனிடத்தில் எத்தனை நோட்டுப் புத்தகங்கள் எழுதப்படாமலே போயினவோ, யார் கண்டது? இன்றும் மார்க்குப் பிள்ளையினுடையது. கடிதம் மட்டும் பிறருடைய தயவு. இதைத் “தகுதி” என்று ஒரே சொல்லால் மூடிவிடலாமா?

இதில் நமது வயிற்றுப்பாடும் அடங்கியிருக்கின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து, மீனவர்களின் வலையையும் படகையும் பாழாக்கிற்று. அதே மாதம் 26-ந் தேதி இரவு உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது, அந்தக் காற்றில் எவ்வளவு இருந்தது என்பதை அளந்து சொல்ல வெளியார்தான் வரவேண்டியிருந்தது. எந்தச் சேற்றில் இறால் ஒதுங்கும், எந்த நீரோட்டத்தில் சாம்பல் படியும் என்று அறிந்த வீட்டுப் பிள்ளையின் கையில் அந்த அளவுகோல் இருந்தால், “அளவுக்குள்தான் இருக்கிறது” என்ற பதிலை நாமே சரிபார்க்கலாமல்லவா?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். கல்லூரி ஆசிரியர்களே! ஆகஸ்டு மாதமே அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதிப் போடுங்கள். கேட்கிற பிள்ளையிடம் அரைமணி நேரம் பேசிப் பார்த்து, கண்டதைக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். அது பிச்சையல்ல, உங்கள் சம்பளத்தில் சேர்ந்த வேலை. தொழிற்சங்கத் தோழர்களே! உதவித் தொகை கைக்கு வரும்வரை வழிச் செலவுக்கு ஒரு சிறு நிதி திரட்டுங்கள். தாய்மார்களே! விளக்குக்கு எண்ணெய் வாங்கும் காசைப் பிள்ளையின் ரயில் சத்தத்துக்கு வையுங்கள். பிள்ளைகளே! ஒரு இடத்தில் இல்லையென்றால் பத்து இடத்துக்குப் போடுங்கள். இல்லையென்று வரும் பதிலால் ஒரு நஷ்டமுமில்லை. போடாமல் விட்ட விண்ணப்பத்துக்கு மட்டும் எந்தத் தெய்வமும் பதில் அனுப்பாது. வருகிற மழைக்காலத்துக்குள் வடசென்னையிலிருந்து நூறு விண்ணப்பங்களாவது போகுமா?