கொல்லைப்புறத்துப் புகை



மாலை மணியடித்து, வீடுகளில் விளக்கேற்றும் வேளையில் நம் ஊர்த் தெருக்களில் நடப்போர்க்கு ஒரு நெடி பழக்கமானது. அடுப்பில் கொதிக்கும் குழம்பின் மணமன்று, சாம்பிராணியின் மணமுமன்று. வீட்டைக் கூட்டிப் பெருக்கிய இல்லத்தரசி, அன்றைய குப்பையைக் கொல்லைப்புறத்து மூலையில் குவித்துத் தீயிட்டதால் எழும் புகை அது. மூக்கில் காரமாய் ஏறித் தொண்டையில் தங்கிவிடும். இம்மாதம் அப்புகையைப் பற்றியே பேச விழைகின்றோம்.

குப்பையை எரிப்பவரைச் சோம்பேறி என்று நாம் சொல்லமாட்டோம். தெருவிலேயே தூய்மையான வீடு பெரும்பாலும் அவருடையதாகத்தான் இருக்கும். இல்லச் சந்திப்பின்போது மூதாட்டி ஒருவரிடம் இதைப்பற்றி வினவினோம். "எரிச்சா ஒரு பிடி சாம்பல், சாமி, சேத்து வச்சா ஈயும் எலியும்தானே வரும்?" என்றார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. அவர் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் குப்பை என்பது வாழைச்சருகு, தென்னை மட்டை, கிழிந்த காகிதம், நைந்த பருத்தித் துணி ஆகியவையே. அந்தச் சாம்பலைக்கொண்டு பாத்திரம் துலக்கினார்கள். கீரைப் பாத்தியில் தூவினார்கள். எவருக்கும் கேடில்லை.

இன்று அதே மூலையில் குவிவது என்ன? பால் உறைகள், மசாலாப் பொட்டல உறைகள், ஷாம்பூச் சிறுபைகள், தேய்ந்த ரப்பர் செருப்பு, உடைந்த தண்ணீர்க் குழாய்த் துண்டு, மின்கம்பியின் மேலுறை, குழந்தையின் அணையாடை. பழைய பழக்கத்தோடு புதிய குப்பை சேர்ந்துகொண்டது. தீக்குச்சி மட்டும் மாறவில்லை.

இவற்றை எரித்தால் நிகழ்வதைச் சற்று விளக்கமாகக் காண்போம். முறையாக அமைக்கப்பட்ட எரிஉலைகளில் 850 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பமும், புகை அவ்வெப்பத்தில் 2 வினாடிகளேனும் தங்கும் ஏற்பாடும் வேண்டும் என்பது நெறி. வெளியேறும் புகையையும் வடிகட்டியே விடுவார்கள். கொல்லைத் தீயில் இவற்றுள் ஒன்றுமில்லை. வெப்பம் குறைவு, காற்றும் போதாது. ஆகவே பொருள் அரைகுறையாய் வெந்து, கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வேறு பல நச்சுக்களாகவும் மேலெழுகின்றது. குழாய்களும் கம்பியுறைகளும் செய்யப்படும் பி.வி.சி. என்னும் பொருளில் குளோரின் உண்டு. அது புகையும்போது டையாக்சின் என்னும் நஞ்சு உருவாகின்றது.

டையாக்சினின் பெயரை உலகம் அஞ்சக் கற்றுக்கொண்டது ஓர் இத்தாலிய ஊரில். மிலான் நகருக்கு வடக்கேயுள்ள செவேசோவில், 1976ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், அருகிலிருந்த இரசாயனத் தொழிற்சாலையிலிருந்து இந்நஞ்சு கலந்த மேகமொன்று வெளியேறிப் பரவியது. சில நாள்களில் கோழிகளும் முயல்களும் மடிந்து விழுந்தன. குழந்தைகளின் முகத்தில் கடுமையான பருக்கள் வெடித்தன. எழுநூறுக்கு மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். டையாக்சின்களுள் மிகக் கொடியதான அந்த வகையைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. செவேசோவில் நேர்ந்தது பெருவிபத்து. நம் கொல்லையில் நேர்வது அணுவளவே என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அணுவளவு உடலில் எளிதில் கரைவதில்லை. கொழுப்பில் போய்த் தங்கிக்கொண்டு, பாதியளவு குறைவதற்கே 7 முதல் 11 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். நாள்தோறும் எரிப்பவர் நாள்தோறும் சேர்க்கின்றார்.

இங்கே ஒன்றைத் தாய்மார்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகின்றோம். புகை கலைந்ததும் நஞ்சும் கலைந்துவிட்டது என்பதன்று. அது சாம்பலிலும் மண்ணிலும் படிகின்றது. எரித்த இடத்தைச் சீய்த்துப் பொறுக்குவது எது? நம் வீட்டுக் கோழியே. அதன் முட்டையின் மஞ்சட்கருவில் கொழுப்பு உண்டு. கொழுப்பில் டையாக்சின் தங்கும். "கடை முட்டை வேண்டாம், நாட்டுக்கோழி முட்டைதான் பிள்ளைக்குச் சத்து" என்று ஊட்டிவிடும் அன்னை, அந்தக் கோழி எங்கே மேய்கின்றது என்பதையும் பார்த்தல் நன்று. புல்லில் படிந்தால் பசுவின் பாலுக்கு வரும். தாய்ப்பாலிலும் வரும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. அதற்கு இணையான உணவு குழந்தைக்கு வேறில்லை. நிறுத்தவேண்டியது தீயைத்தான். குப்பைச் சாம்பலால் பாத்திரம் துலக்கும் வழக்கம் எவ்வீட்டிலேனும் எஞ்சியிருப்பின் அதையும் இன்றே விட்டுவிடுக.

"அப்படியாயின் எல்லாவற்றையும் ஊராட்சி வண்டியில் கொட்டிவிடுகிறோம்" என்று சிலர் கூறுவர். கலந்து கொட்டினால் தீ இடம் மாறுமேயன்றி அணையாது. சென்னைப் பெருங்குடிக் குப்பைமேட்டில் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்ததைப் பலரும் நினைவுகூரலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம் அது. காய்கறித் தோலும் மீந்த சோறும் காற்றுப்புகாது அழுகும்போது மீத்தேன் என்னும் எரிவாயு உண்டாகின்றது. அது மேட்டின் உள்ளிருந்து கசியும்போது ஒரு பொறி போதும். நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறையப் பாதி, இவ்வாறு அழுகும் ஈரக்குப்பையே. அதைப் பிரித்தெடுத்துவிட்டால் மீதியில் ஈயும் வராது, எலியும் வராது. மேற்சொன்ன மூதாட்டியின் கவலையும் தீரும்.

பிரித்ததை என்ன செய்வது? நிலமுள்ளோர் ஒரு முழக் குழி வெட்டலாம். மாடிவீட்டில் வாழ்வோர்க்கு, அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட மண்பானை இரண்டு போதும். ஒரு பிடி தோல் போட்டால் இரு பிடி காய்ந்த சருகோ தேங்காய் நாரோ தூவ வேண்டும். நாற்றம் எடுத்தால் ஈரம் மிகுந்துவிட்டதென்று பொருள். இன்னும் சருகு சேர்த்துக் கிளறிவிடுக. காய்ந்து கிடந்தால் சாணம் கரைத்த நீரோ புளித்த மோரோ தெளிக்கலாம். பிழிந்த காப்பித்தூள், முட்டையோடு, பூசைப்பூ எல்லாம் ஏற்கும். மீன்முள்ளும் எலும்பும் பானைக்கு ஆகா. ஆழக் குழியில் புதைப்பதே முறை. பானை நிறைந்தபின் மூடிவைத்து அடுத்ததைத் தொடங்க வேண்டும். இரண்டு மூன்று திங்களில், முதல் மழைக்குப்பின் மண் மணக்குமே, அம்மணத்தோடு கரிய எரு கிடைக்கும்.

உலர்குப்பை எளிது. பால் உறையைக் கழுவிக் கொடியில் உலர்த்திச் சேர்த்து வைத்தால் பழைய பேப்பர்க்காரரே எடை போட்டு வாங்கிக்கொள்வார். உறையின் மூலையை வெட்டும்போது முழுதும் துண்டிக்காமல் தொங்கவிடுக. அச்சிறு துண்டு தனியே போனால் எந்த வண்டியிலும் ஏறாது, சாக்கடையிலேயே சேரும். எரியாமற்போன குழல்விளக்கை உடைத்தெறியலாகாது. அதனுள் பாதரசம் உண்டு. மாதவிடாய் அணையாடைகளையும் குழந்தைகளின் அணையாடைகளையும் காகிதத்தில் இறுகச் சுற்றித் தனியே கொடுத்தல் வேண்டும். கூச்சத்தினால் பலர் இவற்றை இரவில் எரிக்கின்றனர். வெள்ளைத்தாள் போலத் தோன்றினும் உள்ளே இருப்பது பிளாஸ்டிக்கே. உடைந்த கண்ணாடியையும் அவ்வாறே சுற்றித் தருக. குப்பையை வெறுங்கையால் பிரிக்கும் தூய்மைக் காவலரும் ஒரு குடும்பத்தின் தாயோ தந்தையோதான்.

இவ்வளவையும் பெண்கள் தலையிலேயே சுமத்திவிட்டு ஆடவர் நாளிதழ் படித்துக்கொண்டிருத்தல் தகாது. கையை வீசிக்கொண்டு கடைக்குப் போய்ப் பத்துப் பைகளோடு திரும்புபவர் யார்? தமிழக அரசு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தையும் தொடங்கியது. மஞ்சள் பையோடு நகரத்தில் இறங்கியவனைப் பட்டிக்காட்டான் என்று நகைத்த காலம் போய், அப்பையை அரசே பரிந்துரைக்கும் காலம் வந்தது வேடிக்கைதான்.

பங்கின் நிலை மட்டும் என்ன? திருவிழா அசனத்திற்கு மெழுகுத்தாள் இலையும் பிளாஸ்டிக் பூசிய குவளையும் வாங்கினால், விழா முடிந்த மறுநாள் கோவில் வளாகத்தின் பின்புறம் அதே புகைதான் எழும். வாழையிலை விலை கூடுதலென்பர். அன்பியங்கள் சேர்ந்து எவர்சில்வர் தட்டும் குவளையும் ஒருமுறை வாங்கிவிட்டால் ஆண்டுக்கணக்கில் வரும். கழுவுவதற்கு இளைஞர் குழுவினர் இருக்கின்றனர். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். பிளாஸ்டிக் மலர்வளையங்களையும் மாலை சுற்றிவந்த உறைகளையும் கல்லறைமீதே விட்டுவந்தால், அடுத்தநாள் கோவில்பிள்ளை அவற்றைக் கூட்டி எரிப்பார். அப்புகையைச் சுவாசிப்பவரும் அவரே. பூவும் மெழுகுவத்தியும் போதும். கொண்டுசென்ற பையை வீட்டுக்கே கொண்டுவருக.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், பிளாஸ்டிக்கைத் தவிர்த்தல், குப்பையைப் பிரித்தல், உண்ணக்கூடிய அளவே சமைத்தல், தேவையற்ற விளக்கை அணைத்தல் போன்ற வீட்டுச் செயல்களை ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகின்றார். திருத்தந்தை ஒருவர் சமையற்கட்டு வரை வந்து பேசியது சிலருக்கு வியப்பளித்தது. நமக்கு வியப்பில்லை, புகை எழுவது அங்கேதானே.

மழைநீர்த் தொட்டிகளைப் பற்றிச் சிலர் கேட்டுள்ளனர். பல வீடுகளில் குழாய் இருக்கின்றது, குழியோ மண்மூடிக் கிடக்கின்றது. அதனை அடுத்த இதழில் காண்போம்.