தீயணைப்பு ஊர்தி எந்தத் தெருவரை வரும்?

மாநிலங்களின் தீயணைப்புச் சேவைகளை விரிவுபடுத்தி நவீனப்படுத்த, 2023 ஜூலையில் ஒன்றிய அரசு 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. செலவில் 25 விழுக்காட்டைப் பெரும்பாலான மாநிலங்கள் தம் பங்காக ஏற்க வேண்டும். நாடு தழுவிய அவசரகால மீட்புக் கட்டமைப்பை நோக்கிய இம்முயற்சியை நாம் வரவேற்கிறோம். ஆயின், அதன் பயன் எந்தத் தெருவரை சென்று சேரும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் அட்டவணை, நகராட்சிகளுக்கு வழங்கத்தக்க பணிகளுள் தீயணைப்பைக் குறிப்பிடுகிறது. ஊராட்சிகளுக்கான 11ஆம் அட்டவணையின் 29 இனங்களில் அது இல்லை. தமிழ்நாட்டில் இச்சேவை மாநிலத் துறையாக இயங்குவதால் கிராமங்களுக்கும் ஊர்திகள் வருகின்றன. எனினும் நிலையம் எங்கே அமைய வேண்டும், எத்தனை நிமிடங்களில் உதவி வந்து சேர வேண்டும் என்பவை நிர்வாகத்தின் முடிவாகவே நிற்கின்றன. கிராமத்தார் கேட்டுப் பெறும் உரிமையாக மாறவில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 2025 திருத்தமும் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி நகரங்களுக்குமே தனி ஆணையம் அமைக்க வழிசெய்துள்ளது.

அச்சட்டத்தின் 61ஆம் பிரிவு சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. ஆனால் அத்தடை இழப்பீடும் நிவாரணமும் வழங்குவதைப் பற்றியது. உயிர் பிழைப்பதை முடிவுசெய்யும் முதல் அரை மணி நேரத்தைப் பற்றியோ, முன்னேற்பாட்டைப் பற்றியோ அப்பிரிவு பேசவில்லை.

தலித் மக்களுக்குத் தீ எப்போதும் தற்செயலாக வருவதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடலுக்கும் தீவைப்புக்கும் உள்ளாயின. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(iv) பிரிவு, பட்டியல் சமூகத்தாரின் வீட்டைத் தீயிட்டு அழிப்பதற்கு ஆயுள் தண்டனை விதிக்கிறது. தீ சாதியின் ஆயுதம் என்பதைத் தண்டனைச் சட்டம் அறிந்திருக்கிறது. தீயணைப்புத் திட்டமும் அதை அறிந்திருக்க வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 38 பேர் மாண்டனர். முதல் வெடிப்புக்குப் பின் உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்தாரும் அவர்களுள் அடங்குவர். பயிற்சியும் கருவியும் இல்லாத எளிய மக்களே அங்கு முதல் மீட்புப் படையாக நின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துள்ள மகாராஜபுரம் போன்ற ஊர்களிலும் விபத்து நேரும்போது முதலில் ஓடிவரப்போகிறவர்கள் அண்டை வீட்டாரே. 2006இல் உருவான தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தமிழ்நாட்டுப் பட்டாலியன் இருப்பதோ அரக்கோணத்தில்.

ஆகவே நாம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலாவது, புதிய நிதியைப் பங்கிடும் முன் ஒவ்வொரு மாவட்டத்திலும் பட்டியல் சமூகக் குடியிருப்புகளைத் தனியே கணக்கெடுக்க வேண்டும்: ஊர்தி நுழையுமளவு பாதை உண்டா, நீர் எடுக்க இடம் உண்டா, அழைப்புக்குப் பின் எத்தனை நிமிடங்களில் உதவி வருகிறது? இரண்டாவது, குறைகளைக் களைவதற்கான செலவை 2024ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் வழியாகவும் திட்டமிட வேண்டும். மூன்றாவது, 61ஆம் பிரிவின் பாதுகாப்பை மீட்புப் பணிக்கும் முன்னேற்பாட்டுக்கும் விரிவாக்க வேண்டும்.

அதுவரை மாணவத் தோழர்கள் காத்திருக்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்திடம் மேற்கண்ட கேள்விகளை ஊர்வாரியாகக் கேட்கலாம். பாதையின் அகலத்தை நாமே அளந்து கிராமசபையில் தீர்மானமாக்கலாம். நாளை நீதிமன்றத்தில் 21ஆம் உறுப்பின்கீழ் வாழ்வுரிமையை வாதிடும்போது அந்த ஆவணங்களே நமக்குச் சான்றாக அமையும்.