வைரஸ் பயமும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கும் குடும்பஸ்தர் எவரும் வருஷத்திற்கு ஒரு முறையேனும் ஒரு பயமுறுத்தலுக்கு ஆளாகாமல் தப்புவதில்லை. உத்தியோக விஷயமாகவோ, குழந்தையின் பரீட்சை விஷயமாகவோ யந்திரத்தைத் திறந்து உட்காருகிறார். திரையின் வலப்பக்க மூலையில் சிவப்பு நிறத்தில் ஓர் எச்சரிக்கை எழும்புகிறது. தங்கள் பாதுகாப்பு இன்றோடு முடிகிறது, உடனே புதுப்பிக்காவிடில் தங்கள் யந்திரம் அபாயத்தில் இருக்கிறது என்பது அதன் சாராம்சம். அவர் என்ன செய்வார்? தமக்குத் தெரியாத சாஸ்திரம். கேட்பதற்கு அருகில் ஆளில்லை. பையன் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறான். கார்டு நம்பரைக் கொடுத்துவிட்டு நிம்மதியடைகிறார்.

நமக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் இவ்விதமாக நான்கு வருஷங்கள் தொடர்ந்து பணம் கட்டி வந்தார். தொகை பெரிதல்லவே என்று சிலர் சொல்லலாம். பென்ஷனில் காலங்கழிக்கும் அவருக்கு அது ஒரு மாதத்து மருந்துச் செலவு. ஐந்தாவது வருஷம் அவருடைய யந்திரத்தைப் பார்வையிட்ட இளைஞர் ஒருவர், விண்டோஸுடன் இலவசமாகவே வந்த காவலாளி ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்றும், பணம் கொடுத்து அமர்த்திய காவலாளி வந்து சேர்ந்ததால் அவர் ஒதுங்கிக் கிடக்கிறார் என்றும் எடுத்துச் சொன்னாராம். "இதை நான்கு வருஷத்திற்கு முன்பே யாராவது ஏன் ஐயா என்னிடம் சொல்லவில்லை?" என்று உபாத்தியாயர் நம்மைக் கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதையே இங்கே நேயர்கள் அனைவருக்கும் சொல்லுகிறோம்.

மைக்ரோசாப்ட் கம்பெனியார் 2009-ஆம் வருஷத்தில் 'செக்யூரிட்டி எஸென்ஷியல்ஸ்' என்னும் வைரஸ் தடுப்பு ஸாப்ட்வேர் ஒன்றை இலவசமாக வெளியிட்டார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது அத்தகைய காவல் 'டிபெண்டர்' என்ற பெயரால் விண்டோஸுக்குள்ளேயே வைக்கப்பட்டது. ஆரம்ப காலத்தில் அதன் யோக்கியதை சொற்பமே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பரீட்சைகளில் அது பின்வரிசையில் நின்ற காலம் உண்டு. பணம் கொடுத்து வேறொன்று வாங்குங்கள் என்று அறிந்தவர்கள் அன்று சொன்னது நியாயமே. ஆனால் அந்தப் புத்திமதி நிலைத்துவிட்டதே தவிர, அதற்குக் காரணமாயிருந்த நிலைமை மாறிவிட்டது. ஜெர்மனியில் மாக்டெபர்க் நகரத்திலுள்ள ஏவி-டெஸ்ட் என்னும் பரிசோதனை ஸ்தாபனத்தார் நடத்தும் சோதனைகளில் டிபெண்டர் சமீப வருஷங்களில் பலமுறை முதல் வரிசையில் தேறியிருக்கிறது. ஆகையால், இக்காலத்து விண்டோஸை ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டு, பாங்கிக் கணக்கு பார்ப்பதற்கும், கடிதம் எழுதுவதற்கும், பிள்ளைகளின் படிப்பிற்கும் கம்ப்யூட்டரை உபயோகிக்கும் ஒரு சாதாரணக் குடும்பம், வைரஸ் தடுப்பிற்கென்று தனியே ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு; அதையும் சொல்லிவிட வேண்டும். டிபெண்டர் தன் பலத்தில் பெரும்பகுதியை இண்டர்நெட் வழியாகவே பெறுகிறது. சந்தேகமான பைல் ஒன்றைக் கண்டால் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. இண்டர்நெட் இல்லாத சமயத்தில் அதன் கண் சற்று மங்கல் என்பதை ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் நகரத்திலுள்ள மற்றொரு பரிசோதனை ஸ்தாபனமான ஏவி-கம்பாரேட்டிவ்ஸ் எடுத்துக் காட்டியிருக்கிறது. ஆகவே, இண்டர்நெட் எப்போதோ வந்து எப்போதோ போகும் வீட்டில், ஜெராக்ஸ் கடைக்கும் காலேஜுக்கும் போய்வரும் பென்டிரைவை தினந்தோறும் செருகுகிறவர்கள், விலை கொடுத்து வேறொரு காவல் வைத்துக்கொண்டால் நாம் குறை சொல்ல மாட்டோம்.

விலை கொடுத்தோ இலவசமாகவோ வேறொன்றை ஏற்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்றிருக்கிறது. ஆண்டிவைரஸ் என்பது மற்ற ஸாப்ட்வேர்களைப் போல ஒரு மூலையில் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதல்ல. வீட்டின் ஒவ்வோர் அறைக்கும், ஒவ்வொரு பெட்டிக்கும் சாவி அதனிடம் இருக்கிறது. நாம் திறக்கும் ஒவ்வொரு பைலையும் அது நமக்கு முன்னே திறந்து பார்க்கிறது. இத்தனை அதிகாரம் பெற்றவனைப் பற்றி, திருடனைப் பிடிப்பானா என்று மட்டும் விசாரித்தால் போதுமா? அவன் யாருடைய ஆள் என்றும் விசாரிக்க வேண்டாமா?

அவாஸ்ட் கம்பெனியின் சரித்திரத்தைப் பாருங்கள். உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்கள் அதன் இலவசக் காவலை நம்பியிருந்தார்கள். அவர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரங்களை அக்கம்பெனி திரட்டி, ஜம்ப்ஷாட் என்னும் தன் கிளைக் கம்பெனியின் மூலமாக நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு விற்று வந்தது. 2020 ஜனவரியில் விஷயம் பத்திரிகைகளில் அம்பலமானதும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டும்படி செய்ததோடு, இவ்வித விவரங்களை விளம்பரத்திற்காக விற்கக் கூடாதென்றும் தடை விதித்தது. பிறர் பின்தொடராமல் காப்போம் என்று விளம்பரம் செய்தவர்களே பின்தொடர்ந்த விந்தை இது!

ருஷ்யாவின் காஸ்பர்ஸ்கி விவகாரம் வேறு மாதிரியானது. சோதனைகளில் அதன் திறமை எப்போதும் மெச்சத்தக்கதாகவே இருந்து வந்திருக்கிறது. ஆயினும் 2022 மார்ச்சில் ஜெர்மன் சர்க்காரின் பாதுகாப்பு இலாகா அதைக் கைவிடும்படி எச்சரித்தது. 2024 ஜூன் மாதத்தில் அமெரிக்க சர்க்கார் அதன் விற்பனையையே தடை செய்தது. தன்மீது சாட்டப்பட்ட சந்தேகங்களைக் கம்பெனி மறுத்தது. ஆனால் நமது கவனத்தைக் கவர்ந்தது பின்னர் நடந்த சம்பவமே. அந்த செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்த வாடிக்கைக்காரர்கள் பலர் யந்திரத்தைத் திறந்தபோது காஸ்பர்ஸ்கி தானாகவே மறைந்து, அல்ட்ராஏவி என்ற கேள்விப்படாத ஒன்று அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கக் கண்டார்கள். வீட்டுக்காரரைக் கேளாமல் ஒரு காவலாளி தன் வேலையை இன்னொருவனுக்குக் கைமாற்றிவிட்டுப் போக முடிகிறதென்றால், அவனுக்குக் கொடுத்திருந்த அதிகாரம் எத்தகையது!

அப்படியானால் சுதேசி ஆண்டிவைரஸ் வாங்கலாமே என்று நமது நேயர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். புனா நகரத்தில் தோன்றிய க்விக் ஹீல் இருக்கிறது. நமது சென்னையிலேயே 1991 முதல் நடந்து வரும் கே7 இருக்கிறது. இவ்வளவு நுட்பமான தொழிலில் அந்நியக் கம்பெனிகளுக்கு நடுவே சென்னையிலிருந்து ஒரு கம்பெனி முப்பது வருஷங்களுக்கு மேலாகத் தலைநிமிர்ந்து நிற்பது நமக்குப் பெருமையே. மேலே சொன்ன விலக்கில் அடங்குகிறவர்களும், பத்துப் பன்னிரண்டு யந்திரங்கள் வைத்துக் கடை நடத்துகிறவர்களும், சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, தகுதி சமமாயிருந்தால் இவற்றுக்கே முதலிடம் தர வேண்டுமென்போம். ஆனால், தேவையில்லாத வீட்டில் தேசாபிமானத்தின் பெயரால் ஒரு பெட்டியைக் கொண்டு போய் வைப்பது சுதேசியமாகாது.

உண்மையான அபாயம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சென்னை ரிச்சி தெருவிலும், மற்ற ஊர்களில் அதைப் போன்ற கடைவீதிகளிலும் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் ஒரு வழக்கத்தை அறிவார்கள். "விண்டோஸ் போட்டுத் தருகிறோம், ஆபீஸ் போட்டுத் தருகிறோம், அதற்குத் தனிக் காசு வேண்டாம்" என்று சில கடைக்காரர்கள் சொல்லுவார்கள். அது திருட்டுப் பிரதி. அதன் பூட்டை உடைப்பதற்கு 'கிராக்' என்னும் ஒரு துணுக்கை ஓட்ட வேண்டும். அதை ஓட்டுவதற்கு முன் ஆண்டிவைரஸை நிறுத்திவிட வேண்டும் என்று அந்தத் துணுக்குடன் வரும் குறிப்பே சொல்லுகிறது! கடைப் பையன் சிறிதும் கூசாமல் டிபெண்டரின் வாயைக் கட்டிவிட்டு, எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியாத அந்தத் துணுக்கை உள்ளே விட்டு, காவலாளி இனி அந்தப் பக்கம் பார்க்காதபடி ஒரு விலக்கும் எழுதி வைக்கிறான். பிறகு அதே கடைக்காரர், "வைரஸ் வராமலிருக்க இதையும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலுக்குப் பூட்டு விற்கும் இந்த வியாபாரத்தை நாம் என்னவென்று சொல்வது? எல்லாக் கடைக்காரர்களும் இப்படியல்ல என்பதை அறிவோம். நாணயமாய்த் தொழில் செய்கிறவர்கள் இதைப் படித்து வருந்த வேண்டாம்.

இரண்டாவது அபாயம் அசிரத்தை. 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்னும் பைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ் சுமார் 150 தேசங்களில் பரவி, இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி செய்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14-ஆம் தேதியே, ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்னரே, இலவசமாக வெளியிட்டிருந்தது. 'அப்டேட்' என்று திரையில் வரும்போதெல்லாம் 'பிறகு' என்று தள்ளிப் போட்டவர்களே அகப்பட்டுக்கொண்டார்கள். நமது வீடுகளில் இன்னும் ஏராளமாயிருக்கும் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. விண்ணப்பித்துக்கொண்ட வீட்டு யந்திரங்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரையில் கிடைக்கும்படி ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த ஆண்டிவைரஸை ஏற்றினாலும் இற்ற சுவருக்கு வர்ணம் பூசியதே ஆகும். அந்த யந்திரம் விண்டோஸ் 11-ஐத் தாங்காவிட்டால், லினக்ஸுக்கு மாற்றிக்கொள்வது ஏழைக் குடும்பத்திற்கும் எட்டிய வழி.

மூன்றாவது அபாயம் டெலிபோனில் வருகிறது. திரை முழுவதும் சிவப்பாகி, அலறல் சத்தம் கேட்டு, 'உடனே இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்' என்று வந்தால், அது எந்த ஆண்டிவைரஸும் பேசுவதல்ல, வஞ்சகன் பேசுகிறான். உங்கள் ஆண்டிவைரஸ் சந்தாவுக்கு இத்தனை ஆயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டோம், வேண்டாமென்றால் கூப்பிடுங்கள் என்று வரும் மெயிலும் அதே ஜாதி. கூப்பிட்டால் யந்திரத்தைத் தூரத்திலிருந்தே கைப்பற்றும் ஸாப்ட்வேரைப் போடச் சொல்லுவான். இத்தகைய மோசடிக் கூடங்கள் நமது தேசத்திலேயே இயங்கி அந்நிய தேசத்து முதியவர்களைக் கொள்ளையடித்து வந்தன என்பதை எழுத நமது பேனா கூசுகிறது. மைக்ரோசாப்டும் அமேஸானும் கொடுத்த புகார்களையும் சேர்த்துக்கொண்டு 2023 அக்டோபரில் ஸி.பி.ஐ. 76 இடங்களைச் சோதனை போட்டது. நம்மவர்கள் இப்படிப் பணம் இழந்தால் தாமதிக்காமல் 1930 என்ற நம்பரில் புகார் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் மறிக்க இடமுண்டு.

உபாத்தியாயரைப் போன்றவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கம்ப்யூட்டருடன் வந்த இலவசச் சோதனைக் காலத்து ஆண்டிவைரஸை, காலம் முடியுமுன்னரே முறைப்படி அகற்றிவிட்டால், டிபெண்டர் தானாக எழுந்து வேலையில் அமர்ந்துகொள்ளும். அதன் அமைப்புகளில் பைல்களைப் பூட்டும் வைரஸைத் தடுப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது; அது முதலில் அணைந்தே இருக்கும், நாம்தான் ஏற்ற வேண்டும். தினசரி உபயோகத்திற்கு நிர்வாக அதிகாரமில்லாத ஒரு கணக்கை வைத்துக்கொள்வது விசேஷம். வருஷச் சந்தாவாகப் போன பணத்திற்கு ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, குடும்பப் போட்டோக்களையும் பத்திரங்களையும் மாதத்திற்கொரு முறை அதில் பிரதி எடுத்து, எடுத்தவுடன் கழற்றிப் பீரோவில் வைத்துவிட வேண்டும். கழற்றாமல் விட்டால் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

சந்தா விஷயமாகச் சட்டமும் நம் பக்கத்தில் இருக்கிறது. 2021 அக்டோபர் முதல், கார்டிலிருந்து தானாக எடுக்கப்படும் தொகையைப் பற்றி 24 மணி நேரத்திற்கு முன்பே அறிவித்து, வேண்டாமென்று சொல்ல இடமளிக்க வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் விதி. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட 13 வஞ்சக முறைகளின் பட்டியலில், இல்லாத வைரஸைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் பறிப்பதும், சந்தாவில் சிக்கவைத்து வெளியேற விடாமல் செய்வதும் இடம் பெற்றிருக்கின்றன. ஏட்டில் இருந்து என்ன பயன்? புதுக் கம்ப்யூட்டரில் கடைக்காரரோ உற்பத்தியாளரோ போட்டுத் தரும் ஒவ்வொரு ஸாப்ட்வேரின் பெயரும், அது எத்தனை நாளுக்கு இலவசம், பிறகு என்ன விலை என்பதும் ரசீதிலேயே தமிழில் அச்சாகியிருக்க வேண்டுமென்று சர்க்கார் உத்தரவு போடலாம். அந்த உத்தரவு வரும்வரையில், கடையைவிட்டுப் புறப்படுமுன் அந்த விவரங்களை ரசீதின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்திடும்படி வாங்குகிறவரே கேட்கலாம்.