உட்காரும் உரிமை

சிப்பந்திகளிடம் முன்போல் சிரத்தை இல்லை, வேலையில் மனம் ஒட்டுவதில்லை, பழகுவதற்குள் வேறிடம் தேடிப் போய்விடுகிறார்கள் என்று கடை முதலாளிகள் குறைப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் குணமே அப்படி என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அவர்கள் நாள் முழுவதும் எந்த நிலையில் வேலை செய்கிறார்கள் என்பதை நிதானமாகப் பார்ப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

தியாகராய நகரின் ஜவுளிக் கடைகளில், பட்டுப் பிரிவில் நிற்கும் பெண்ணைச் சற்றுக் கவனியுங்கள். நாற்காலியில் அமர்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கு இருபது புடவைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி, அவர் ஒன்றும் எடுக்காமல் எழுந்து போன பின்பு அத்தனையையும் கரை கலையாமல் மடித்து அடுக்கிவிட்டு, அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கும் சில நிமிஷங்களில் அவள் செய்யக்கூடியதெல்லாம் ஒரு காலின் பாரத்தை மறு காலுக்கு மாற்றுவதுதான். அலமாரியில் முதுகைச் சாய்த்தால் சூப்பர்வைசரின் முகம் மாறும். அவர் இல்லாவிட்டாலும் மேலே காமிரா இருக்கிறது. இரவில் விடுதிக்குத் திரும்பும்போது கணுக்கால் வீங்கியிருக்கும்; வருஷங்கள் செல்லச் செல்லக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைக்கும்.

இந்த அவஸ்தையை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள். விஜி என்ற தையற்காரப் பெண்மணி திரட்டிய ‘பெண்கூட்டு’ என்னும் சங்கம், கழிப்பறை வேண்டும் என்ற கோரிக்கையில் தொடங்கி, உட்காரும் உரிமை வேண்டும் என்பதில் வந்து நின்றது. 2018-இல் கேரள அரசு அதைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-A என்ற பிரிவு 2021-இல் சேர்க்கப்பட்டு, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி அளிப்பது கட்டாயமாயிற்று.

ஒரு முக்காலிக்காக இவ்வளவு பிரயத்தனமா என்று கேட்பவர்களுக்குச் சரித்திரம் பதில் சொல்லும். பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளர்களை முன்னிட்டு, வாடியாவும் திரு.வி.க.வும் துணைநிற்க, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, மத்தியான உணவுக்குக் கிடைத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது அவர்களுடைய முதற்குறைகளில் ஒன்றாக இருந்தது. கூலி மட்டுமே பெரிதென்றால் சோற்று வேளையைப் பற்றி எவரும் மனுக் கொடுத்திருக்கமாட்டார்கள். தன் உடம்பின் மீதும் தன் நேரத்தின் மீதும் தனக்குச் சிறிதளவேனும் அதிகாரம் வேண்டும் என்பதே அந்த மனுவின் சாரம். லண்டன் அரசாங்க உத்தியோகஸ்தர்களைப் பல வருஷங்கள் பரிசோதித்த மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் கண்டதும் இதற்கு அரண் செய்கிறது: வேலை நடக்கும் விதத்தில் தமக்கு எந்தச் சுதந்திரமும் இல்லாத கீழ்நிலை ஊழியர்களிடமே இருதய நோய் அதிகம் காணப்பட்டது. அப்படியிருக்க, ஓய்வாகக் கிடைக்கும் ஒரு நிமிஷத்தைக்கூடத் தன் விருப்பப்படி கழிக்க முடியாதவளிடம், கடையைத் தன் கடையாக நினைத்து உழைக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

சட்டம் முக்காலியைக் கொண்டுவந்து போடும். அதில் அமர்வதற்கான தைரியத்தை முதலாளிதான் கொடுக்கவேண்டும். ஆள் இல்லாத வேளையில் உட்காரலாம் என்று அவரே வாய்விட்டுச் சொல்வதும், உட்கார்ந்திருந்தவளைச் சோம்பேறி என்று சூப்பர்வைசர் குறித்துக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்வதும், சாப்பாட்டு முறையும் வார விடுமுறையும் பண்டிகை நாளிலும் தவறாதபடி ஏற்பாடு செய்வதும் பெரிய செலவுள்ள காரியங்கள் அல்ல. இப்படி நடத்தப்படும் கடையில் அனுபவசாலிகள் நிலைத்து நிற்பார்கள். எந்தப் பட்டு எந்த ஊர் நெசவு என்று பார்த்தவுடன் சொல்லும் தேர்ச்சி அவர்களோடு வளரும். அதன் லாபம் முதலாளிக்கே சேரும்.

புடவை எடுக்கப் போகும் நமக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. நாம் உள்ளே நுழைந்ததும் பதறி எழுந்திருக்காத பெண்ணை மரியாதை அறியாதவள் என்று முதலாளியிடம் புகார் சொல்லும் வழக்கத்தை நாம் விட்டொழித்தாலன்றி, அந்தச் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும்.