பென் டிரைவ் சைஸில் ஒரு நுரையீரல்... ஆய்வகத்து எலிகளுக்கு இனி ரெஸ்ட்டா?

2020 மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஞாபகம் இருக்கா? 'ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்' என்ற வாயில் நுழையாத பெயரை பக்கத்து வீட்டுப் பாட்டி வரைக்கும் எல்லோரும் உச்சரித்துப் பழகிய காலம். ட்ரம்ப் அதைப் புகழ்ந்து தள்ளினார். நம்ம ஐ.சி.எம்.ஆர்., சுகாதாரப் பணியாளர்கள் முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. இன்னொரு பக்கம், முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் வருஷக்கணக்கில் அதே மாத்திரையை நம்பியிருந்தவர்கள் மெடிக்கல் ஷாப் மெடிக்கல் ஷாப்பாக அலைந்தார்கள்.

அந்த மாத்திரை மேல் அத்தனை நம்பிக்கை எப்படி வந்தது? லேபில் வளர்த்த செல்களில் அது கொரோனா வைரஸைத் தடுத்தது என்பது ஒரு முக்கியக் காரணம். ஆனால், அது யாருடைய செல்? ஆப்பிரிக்கக் குரங்கு ஒன்றின் சிறுநீரக செல்! கோவிட் போய் உட்கார்ந்ததோ மனுஷனின் மூச்சுக்குழாயிலும் நுரையீரலிலும். கடைசியில் 2020 ஜூனில், 1,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு, உயிரிழப்பு குறையவில்லை என்று அறிவித்தது.

இந்தக் கதைக்கு ஒரு கிளைக்கதை உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வீஸ் இன்ஸ்டிட்யூட் குழு, இதே மருந்தை மனித மூச்சுக்குழாய் செல்கள் வளரும் ஒரு சின்ன சிப்பில் சோதித்தது. கொரோனாவின் 'ஸ்பைக்' புரதத்தைப் போர்த்திக்கொண்ட ஆபத்தில்லாத வைரஸை உள்ளே விட்டார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினால் அதைத் தடுக்க முடியவில்லை. 2021-ல் இந்த முடிவு வெளியானது. குரங்கு செல் 'பாஸ்' போட்ட மருந்துக்கு சிப் 'ஃபெயில்' போட்டது. மனிதர்களிடமும் அதுதான் நடந்தது.

சிப் என்றதும் போனுக்குள் இருக்கும் சிப் என நினைக்க வேண்டாம். இதில் எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. பென் டிரைவ் அளவில், ரப்பர் போல வளையும் கண்ணாடி நிற சிலிக்கோன் துண்டு, அவ்வளவுதான். அதற்குள் மிக மெல்லிய இரண்டு வாய்க்கால்கள். நடுவில் நுண்ணிய ஓட்டைகள் போட்ட சவ்வு. மேல் வாய்க்காலில் நுரையீரல் காற்றறையின் செல்கள், அவற்றின் மேல் காற்று. கீழே ரத்தக்குழாய் செல்கள், அங்கே ரத்தம் போல ஓடும் திரவம். இரண்டு பக்கமும் இருக்கும் வெற்றிட அறைகள் சவ்வை இழுத்து இழுத்து விடும். அதாவது, சிப் மூச்சு விடுகிறது! டான் ஹூ, டொனால்ட் இங்பர் குழு 2010-ல் இதை வெளியிட்டது. நியூயார்க்கின் 'மோமா' மியூசியமே பின்னாளில் இதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

அந்த 'மூச்சு' சும்மா ஷோவுக்கு இல்லை. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் போன்றவற்றை உள்ளே விட்டபோது, சவ்வு விரிந்து சுருங்கினால் செல்கள் அதிகத் துகள்களை உள்ளே இழுத்தன, வீக்கமும் அதிகமானது. அசையாமல் தட்டில் கிடக்கும் செல்லிடம் இதைப் பார்க்கவே முடியாது.

2016-ல் சிப்புக்கு சிகரெட் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மெஷின் சிகரெட்டைப் பற்றவைத்து, மனிதர்கள் இழுப்பதுபோல இழுத்து, புகையை சிப்புக்குள் அனுப்பும். இதற்கு எலியே போதாதா என்றால், போதாது. எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. மனுஷன் வாயால் இழுத்து நேராக உள்ளே அனுப்புகிறான். போதாததற்கு, சி.ஓ.பி.டி நோயாளியின் செல்லை ஒரு சிப்பிலும் ஆரோக்கியமானவரின் செல்லை இன்னொன்றிலும் வைத்து, ஒரே புகைக்கு இரண்டும் என்ன செய்கின்றன என ஒப்பிடவும் முடிந்தது. (வேப் பிரியர்களே, இ-சிகரெட்டையும் விட்டுவைக்கவில்லை.)

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது டி.பி ஆய்வுதான். உலக டி.பி நோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். கிருமி நுரையீரலுக்குள் நுழைந்த முதல் சில நாள்களில் என்ன நடக்கிறது என்பதை எந்த நோயாளியிடமும் பார்க்க முடியாது. இருமல் வந்து டாக்டரிடம் போவதற்குள் காலம் கடந்திருக்கும். சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல் குழு 2020-ல் அந்தத் தொடக்கத்தை சிப்பில் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்தது. காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சோப்பு போன்ற திரவம் ஒன்று நமக்குள் சுரக்கிறது. 'சர்ஃபாக்டன்ட்' என்பார்கள். அது குறைந்த செல்களில் கிருமி கட்டுப்பாடின்றிப் பெருகியது. திரும்ப ஊற்றியதும் வேகம் குறைந்தது. ஒரு சின்ன காமெடி, இந்த சிப்பில் வளர்ந்தவை எலியின் செல்கள்தான்!

சட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது. புது மருந்தை விலங்குகளிடம் சோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 டிசம்பரில் அமெரிக்கா நீக்கியது. 2023 மார்ச்சில் இந்தியாவும் மருந்துப் பரிசோதனை விதிகளைத் திருத்தி, சிப் போன்ற முறைகளுக்கு இடம் கொடுத்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தையே வெளியிட்டது. காரணம் கருணை மட்டுமில்லை. விலங்குகளிடம் தேறி மனிதப் பரிசோதனைக்கு வரும் 10 மருந்துகளில் சுமார் 9 தோற்றுப்போகின்றன.

அப்போ எலிகளுக்கு ரிட்டயர்மென்டா? அவசரப்பட வேண்டாம். விதி 'செய்யலாம்' என்கிறதே தவிர, 'செய்தே ஆகணும்' என்று சொல்லவில்லை. சிப்பில் கல்லீரல் கிடையாது, முழு நோய் எதிர்ப்பு மண்டலமும் கிடையாது. அந்த சிலிக்கோனே சில மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது செல்லுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கணக்கே குழம்பிவிடும். அதே கோவிட் சிப்பில் பாஸான மலேரியா மருந்து அமோடியாக்குயின், வெள்ளெலிகளையும் பாதுகாத்தது. ஆனாலும், கோவிட் மாத்திரையாக நம் கைக்கு வந்து சேரவில்லை.

இதைவிடப் பெரிய கேள்வி, சிப்புக்குள் யாருடைய செல் இருக்கிறது என்பது. பாஸ்டன் லேபில் சிகரெட் பிடிப்பவரின் சி.ஓ.பி.டி-க்கு சிப் கிடைத்துவிட்டது. நம்ம ஊரிலோ, வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடத் தொடாத பெண்களுக்கு விறகடுப்புப் புகையால் அதே நோய் வருகிறது. அந்த நுரையீரலை சிப்பில் வளர்க்க, அறுவைசிகிச்சையில் அகற்றப்படும் திசுவை நோயாளியின் சம்மதத்தோடு வாங்கிச் சேமிக்கும் வசதி மருத்துவமனைகளில் வேண்டும், செல் வளர்க்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும், வருஷக்கணக்கில் நிற்காத நிதி வேண்டும். 2023-ல் திருத்திய விதி, இதில் எதற்கும் பணம் ஒதுக்கவில்லை.