குத்துவது கை, நோவது முதுகு!

2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டைக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. நம் மேரி கோம் வெண்கலப் பதக்கத்துடன் திரும்பினார். இன்று உங்கள் மகளும் கையுறை மாட்டிக்கொண்டு, தொங்கும் கனத்த பையைக் குத்துகிறாளா? சந்தோஷம்! ஆனால், "அம்மா, முதுகு பிடித்துக்கொண்டது!" என்று வந்தால், "பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கடி?" என்று தடை போட்டுவிடாதீர்கள். முதலில் அவள் காலைக் கவனியுங்கள்.

ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு, பாதத்தை நகர்த்தாமல் உடம்பை மட்டும் திருப்பினால் சுளுக்கிக்கொள்கிறதல்லவா? இங்கும் அதே கதைதான்.

இடது காலை முன்வைத்து, முழங்கால்களைச் சற்றே மடக்கி நிற்கட்டும். வலக்கையால் குத்தும்போது வலது குதிகால் எழும்பி, பாதம், இடுப்பு, தோள் மூன்றும் ஒருசேரத் திரும்ப வேண்டும். எட்டிக் குனிந்து குத்தக் கூடாது. பையை நெருங்கி நின்று குத்த வேண்டும். குத்தும்போது மூச்சை விட்டு, வயிற்றை இறுக்கிக்கொள்ள வேண்டும். பையை உந்தித் தள்ளாமல், பட்டதும் கையை இழுத்துக்கொள்ள வேண்டும்.

சாதாரணப் பிடிப்பானால், வலி தணியும்வரை பைப்பக்கம் போக வேண்டாம். படுத்தே கிடக்கவும் வேண்டாம், மெல்ல நடமாடட்டும். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ தாமதியாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

குதிகால் திரும்புகிறதா என்று பார்த்துச் சொல்ல, நீங்கள் கையுறை மாட்டியிருக்க வேண்டியதில்லையே!